அறிதிறன் அறிவியலில் முழு உதவித்தொகையுடன் பிஎச்.டி.: எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

"அமெரிக்காவில் விண்ணப்பிக்கட்டுமா, ஐரோப்பாவிலா, பிரிட்டனிலா?" என்று, அறிதிறன் அறிவியலில் (மனமும் மூளையும் அறியும் விதத்தை ஆராயும் துறை) பிஎச்.டி. செய்ய நினைத்துக் கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் ஒன்றைத் திருப்பிக் கேட்பேன். அடுத்த நான்கைந்து ஆண்டுகளில் எதைக் கண்டுபிடிக்கப் போகிறீர்கள் என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியுமா? "நினைவாற்றல் பற்றி ஆராய ஆசை" என்று சிலர் சொல்வார்கள். "இரண்டு மொழி கேட்டு வளரும் குழந்தை, புதிதாக ஒரு சொல் காதில் விழுந்ததும் அது எந்த மொழிச் சொல் என்று எப்படிப் பிரித்தறிகிறது" என்று வேறு சிலர் சொல்வார்கள். முதல் பதில் சொன்னவர் தகுதியில் குறைந்தவர் இல்லை. ஆனால் இந்த இருவரும் ஒரே மாதிரி இடத்துக்கு விண்ணப்பித்தால் ஒருவர் நிச்சயம் கஷ்டப்படுவார்.

நாட்டை முதலில் முடிவு செய்துவிட்டு மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று நினைப்பதால்தான் பலர் மாதக்கணக்கில் சிக்கிக்கொள்கிறார்கள். நாட்டை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பணம் யார் கையில் இருக்கிறது? ஆய்வுக் கேள்வி யார் கையில் இருக்கிறது? குழப்பத்தில் முக்கால்வாசி இதிலேயே தீர்ந்துவிடும்.

## எதை வைத்து எடை போடுவது

பணம் யார் கையில். "முழு நிதியுதவி" என்று எல்லா அறிவிப்பிலும் போட்டிருக்கும். அதன் பின்னால் மூன்று வேறு வேறு ஏற்பாடுகள் இருக்கலாம். துறையோ பல்கலைக்கழகமோ பொறுப்பேற்றுத் தரும் பணம் ஒன்று. நெறியாளரின் ஆய்வு மானியத்திலிருந்து வரும் பணம் இன்னொன்று. நீங்களே போட்டியிட்டு வென்ற உதவித்தொகை மூன்றாவது. துறையின் பணம் என்றால், நெறியாளரோடு ஒத்துப்போகாமல் ஆய்வகம் மாறினாலும் உதவித்தொகை தொடர வாய்ப்பு உண்டு. மானியப் பணம் என்றால், அந்த மானியம் முடியும் நாள்தான் உங்களுக்கும் கடைசி நாள். சொந்தமாக வென்ற பணம் உங்களோடு வரும், அதைக் கொடுத்தவர்களின் நிபந்தனைகளும் கூடவே வரும். சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்ததும் தேட வேண்டியது தொகையை அல்ல, "எத்தனை ஆண்டுக்கு, எதிலிருந்து" என்ற வரியை. அந்த வரி கடிதத்தில் இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

கேள்வி யார் கையில். சில இடங்களில் முதல் இரண்டு ஆண்டு பாடம் படித்து, பல ஆய்வகங்களைச் சுற்றிப் பார்த்த பிறகு கேள்வியைத் தேர்ந்துகொள்ளலாம். சில இடங்களில் கேள்வி வேலை அறிவிப்பிலேயே அச்சாகியிருக்கும்.

நெறியாளர் போய்விட்டால். பேராசிரியர்கள் பல்கலைக்கழகம் மாறுவது அபூர்வம் இல்லை. அப்போது உங்களையும் அழைத்துப் போவார்களா, அங்கேயே வேறு நெறியாளர் கிடைப்பாரா? உங்கள் விருப்பத் துறையில் ஒரே ஒரு பேராசிரியர் மட்டும் இருக்கும் இடத்தை நான் பட்டியலில் கீழேதான் வைப்பேன். அவர் எவ்வளவு பெயர் பெற்றவராக இருந்தாலும் சரி.

ஆய்வில் பங்கேற்பவர்கள் பேசும் மொழி. இந்தத் துறைக்கே உரிய விஷயம் இது. விண்ணப்பிக்கும்போது அநேகமாக யாரும் யோசிப்பதில்லை. இயற்பியல் மாணவருக்குத் துகள் எந்த மொழியும் பேசாது. நமக்கு அப்படியில்லை. சோதனைக்கு வருகிறவருக்கு அறிவுறுத்தல் அவர் மொழியில் இருக்க வேண்டும், ஒப்புதல் படிவமும் அவர் மொழியில் இருக்க வேண்டும். மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இஇஜி மின்முனைகளைத் தலையில் பொருத்தும்போது அவர் பயப்படாமல் இருக்க நாலு வார்த்தை ஆறுதலாகப் பேச வேண்டும். குழந்தைகளை ஆராய்கிறீர்கள் என்றால் அம்மா அப்பாவிடம் தொலைபேசியில் பேசி வரச் செய்வதே பாதி வேலை. உள்ளூர் மொழி தெரியாத மாணவர் இதற்கெல்லாம் உதவியாளரை நம்பியிருக்க நேரிடும். உதவியாளரின் நேரம் கிடைக்காத மாதங்களில் தரவு சேகரிப்பு அப்படியே நிற்கும். வாசிப்பு, இலக்கணம், பேச்சு போன்ற தலைப்புகளில் இதன் பாதிப்பு மிக அதிகம். பார்வை, கவனம், உடல் அசைவு பற்றிய ஆய்வுகளில் குறைவு. கணினி மாதிரிகள் கட்டுகிறவர்களுக்கும், இருக்கும் தரவை மறுபடி பகுப்பாய்வு செய்கிறவர்களுக்கும் அநேகமாக இல்லை.

துறையின் பெயர். 1978-இல் அமெரிக்காவின் ஸ்லோன் அறக்கட்டளைக்காகத் தயாரான அறிக்கை ஒன்று, தத்துவம், உளவியல், மொழியியல், கணினி அறிவியல், மானிடவியல், நரம்பியல் ஆகிய ஆறையும் ஓர் அறுகோணத்தின் முனைகளாக வரைந்து இந்தத் துறையைக் காட்டியது. இன்றும் நிலைமை அதுதான். அறிதிறன் அறிவியல் என்ற பெயர்ப்பலகை உள்ள துறைகளை மட்டும் தேடினால் பாதிக்கு மேல் வாய்ப்புகள் கண்ணில் படாமலே போகும். நல்ல ஆய்வகங்கள் உளவியல் துறைக்குள்ளும் மொழியியல் துறைக்குள்ளும் இருக்கின்றன. பின்னாளில் ஆசிரியர் வேலைக்குப் போகும்போது பட்டத்தில் எந்தத் துறையின் பெயர் இருக்கிறது என்று பார்ப்பவர்களும் உண்டு.

## முதல் வழி: அமெரிக்காவில் நேரடி பிஎச்.டி.

அமைப்பு. பொதுவாக ஐந்து, ஆறு ஆண்டு. இளநிலைப் பட்டத்தோடு நேராகச் சேரலாம், முதுநிலை கட்டாயம் இல்லை. முதல் இரண்டு ஆண்டு பாடங்களும் சிறு ஆய்வுகளும், பிறகு தகுதித் தேர்வு, அதன் பின் ஆய்வேடு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் 1986-இல் தொடங்கிய துறை இந்தப் பெயரில் உலகிலேயே முதல் துறையாகச் சொல்லப்படுகிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இதே பெயரில் தனித் துறை உண்டு. எம்ஐடியில் மூளை மற்றும் அறிதிறன் அறிவியல் என்று சேர்த்து வைத்திருக்கிறார்கள். இண்டியானாவில் தனிப் பட்டமாகவும் வாங்கலாம், வேறு துறையோடு இணைத்தும் வாங்கலாம். கொலராடோவின் போல்டர் வளாகத்தில் ஒரு தாய்த் துறையில் சேர்ந்து அதனோடு இணைந்த பட்டமாகப் பெற வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. எல்லா அமெரிக்கத் துறையும் மாணவரைச் சுற்றிப் பார்க்க விடும் என்று நினைத்துவிடாதீர்கள். உளவியல் துறைகள் பலவற்றில் ஒரு குறிப்பிட்ட பேராசிரியரின் ஆய்வகத்துக்கென்றேதான் மாணவரை எடுப்பார்கள். அங்கே அந்தப் பேராசிரியர் இந்த ஆண்டு மாணவர் எடுக்கவில்லை என்றால் விண்ணப்பம் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. பலர் தங்கள் ஆய்வக இணையதளத்திலேயே இதை எழுதி வைத்திருப்பார்கள். இல்லையென்றால் நான்கு வரி மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

பணம். கல்விக் கட்டணம் தள்ளுபடி, மாதாந்திர உதவித்தொகை, அதற்கு ஈடாகக் கற்பித்தல் உதவி அல்லது ஆய்வு உதவி. கேட்க வேண்டியது, தொகை ஒன்பது மாதத்துக்கா பன்னிரண்டு மாதத்துக்கா என்று. கோடை மூன்று மாதம் பணமில்லை என்றால் ஆண்டுத் தொகையின் அர்த்தமே மாறிவிடும். மருத்துவக் காப்பீடு சேர்ந்திருக்கிறதா? தள்ளுபடியில் அடங்காத கட்டணங்கள் ஒவ்வொரு பருவமும் எவ்வளவு? உதவித்தொகைக்கு வருமான வரியும் உண்டு.

மறைவான செலவு. விண்ணப்பக் கட்டணம் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பெரும்பாலும் 75 முதல் 125 டாலர், சில இடங்களில் அதற்கும் மேல். பத்து இடம் என்றால் கணிசமான தொகை. கட்டண விலக்கு கேட்டுப் பெறலாம், கேட்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம். பட்டமேற்படிப்புக்கான பொதுத் தேர்வான ஜிஆர்இயைப் பல துறைகள் கைவிட்டுவிட்டன, அதனால் எங்கே தேவை என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். மாணவருக்கான எஃப்-1 விசாவில் பருவ நாட்களில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய முடியாது. அந்த 20 மணியும் பெரும்பாலும் உங்கள் உதவிப் பணிக்கே போய்விடும். துணைவருக்குக் கிடைக்கும் எஃப்-2 விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லை. ஒரு வருமானத்தில் ஐந்தாறு ஆண்டு குடும்பம் நடத்த வேண்டும் என்பதை மணமானவர்கள் முதலிலேயே கணக்கில் எடுக்க வேண்டும்.

இன்னொன்று. அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பட்டதாரி ஆய்வு உதவித்தொகை அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே. ஆகவே நம் பணம் முழுக்கத் துறையையும் நெறியாளரின் மானியத்தையும் நம்பியே இருக்கிறது. 2025-இல் கூட்டரசு ஆய்வு மானியங்களில் வெட்டு விழுந்தபோது சில பல்கலைக்கழகங்கள் முனைவர் சேர்க்கையைக் குறைத்தன. எத்தனை ஆண்டுக்கு உறுதி என்ற வரியை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இதுதான்.

யாருக்குப் பொருந்தும். கேள்வி இன்னும் முடிவாகாதவர்களுக்கு. பொறியியலோ இலக்கியமோ படித்துவிட்டு இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு. புள்ளியியலையும் நரம்பியலையும் வகுப்பில் உட்கார்ந்து முறையாகக் கற்க நினைப்பவர்களுக்கு.

## இரண்டாவது வழி: ஐரோப்பாவில் சம்பளத்துடன் ஆய்வுப் பணி

அமைப்பு. நெதர்லாந்தில் முனைவர் ஆய்வாளர் பெரும்பாலும் பல்கலைக்கழக ஊழியர், பொதுவாக நான்கு ஆண்டு. ஜெர்மனியில் பல இடங்களில் அரசுச் சம்பள அட்டவணையின் இ13 நிலையில் பகுதி ஒப்பந்தமாக, அடிக்கடி 65 சதவீதமாகக் கொடுப்பார்கள். முதுநிலைப் பட்டம் அநேகமாகக் கட்டாயம். விண்ணப்பிக்க ஒரே பருவம் என்று கிடையாது. இடம் காலியாகும்போது அறிவிப்பு வரும், சில வாரங்களில் கடைசித் தேதி, பிறகு நேர்காணல்.

நெதர்லாந்தின் நைமேகன் நகரில் டோண்டர்ஸ் மூளை ஆய்வு நிறுவனமும் உளமொழியியலுக்கான மாக்ஸ் பிளாங்க் நிறுவனமும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் மொழியும் மூளையும் பற்றிய ஆய்வுக்கு அது பெரிய மையம். ஜெர்மனியின் லைப்சிக்கில் மனித அறிதிறன் மற்றும் மூளை அறிவியலுக்கான மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் இருக்கிறது.

கேள்வி. அறிவிப்பில் எழுதியிருப்பதுதான் கேள்வி. கொஞ்சம் வளைக்கலாம், தூக்கி எறிய முடியாது. ஆகவே விண்ணப்பக் கடிதமும் வேறு மாதிரி இருக்க வேண்டும். அமெரிக்காவுக்கு எழுதிய நோக்க அறிக்கையை இங்கே அப்படியே அனுப்பினால் வேலைக்கு ஆகாது. அறிவிப்பில் எஃப்எம்ஆர்ஐ (மூளையின் இயக்கத்தைப் படமெடுக்கும் முறை) பகுப்பாய்வு, பைத்தான் நிரல்மொழி, ஊக்கத்தோடு குழுவில் வேலை என்று மூன்று தகுதி கேட்டிருந்தால், மூன்றுக்கும் நீங்கள் செய்த வேலையிலிருந்து ஆதாரம் காட்ட வேண்டும். சின்ன வயதில் மூளை மீது வந்த ஆர்வத்தைப் படிக்க அவர்களுக்கு நேரம் இருக்காது.

இதற்கு விதிவிலக்கான இடங்களும் உண்டு, அவற்றைத் தவற விடாதீர்கள். ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் அறிதிறன் பள்ளி முதலில் ஆய்வகங்களைச் சுற்றி வரச் சொல்லி, பிறகு நெறியாளரைத் தேர்ந்துகொள்ள விடுகிறது, இளநிலைப் பட்டதாரிகளுக்கும் இடம் தருகிறது. புடாபெஸ்டிலிருந்து வியன்னாவுக்கு மாறிய மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தில், குழந்தைகளின் அறிதலும் மனிதர் சேர்ந்து செயல்படும் விதமும் பற்றி ஆராயும் வலுவான துறை இருக்கிறது. இத்தாலியின் திரியெஸ்தே நகரில் 1978-இல் தொடங்கிய சிஸ்ஸா என்ற ஆய்வு நிறுவனம், அறிதிறன் நரம்பியலில் உதவித்தொகையோடு ஆங்கிலத்தில் முனைவர் படிப்பு நடத்துகிறது. அமெரிக்க அமைப்பின் சுதந்திரமும் ஐரோப்பியக் கால அளவும் சேர்ந்து வேண்டும் என்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை இந்த வகைதான்.

மறைவான செலவு. 65 சதவீத ஒப்பந்தம் என்றால் 65 சதவீத வேலை என்று அர்த்தம் இல்லை. சம்பளம்தான் அந்த அளவு, ஆய்வு முழு நேரம் நடக்கும். ஒப்பந்தம் மூன்று ஆண்டு, ஆய்வேடு முடிய நான்கு ஆண்டு என்ற இடைவெளி இங்கே சகஜம். முன்பு இருந்த மாணவர்கள் அந்த நான்காம் ஆண்டுப் பணத்துக்கு என்ன செய்தார்கள் என்று நேர்காணலிலேயே கேளுங்கள். நெதர்லாந்தில் முதல் ஆண்டு முடிவில் தொடரலாமா வேண்டாமா என்ற மதிப்பீடு இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மரி கியூரி முனைவர் வலைப்பின்னல்கள் (பல நாட்டு நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் திட்டங்கள்) நல்ல சம்பளம் தருகின்றன. அவற்றில் நாட்டு நிபந்தனை ஒன்று உண்டு. சேர்வதற்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் அந்த நாட்டிலேயே வசித்தவரை எடுக்க மாட்டார்கள். ஜெர்மனியில் முதுநிலை முடித்தவர் ஜெர்மன் இடத்துக்கு விண்ணப்பித்து இந்த ஒரு வரியில் தகுதி இழப்பது பரிதாபம். அதே வலைப்பின்னலில் வேறு நாட்டு இடம் அவருக்குக் கிடைத்திருக்கும்.

மேலே சொன்ன மொழிச் சிக்கல் அதிகம் கடிக்கும் இடமும் இதுதான். அலுவலகம் முழுக்க ஆங்கிலம், சோதனை அறையில் டச்சு என்றால் என்ன ஏற்பாடு என்று தெரிந்துகொள்ளுங்கள்.

யாருக்குப் பொருந்தும். முதுநிலை முடித்து, ஒரு முறையில் கை பழகி, கேள்வியும் தெளிவானவர்களுக்கு. குடும்பத்தோடு போகிறவர்களுக்கும் இது நல்ல வழி. ஊழியர் என்பதால் ஓய்வூதியம், காப்பீடு எல்லாம் சேரும். ஜெர்மனி, நெதர்லாந்து இரண்டிலும் துணைவர் வேலை பார்க்கலாம்.

## மூன்றாவது வழி: பிரிட்டனில் இடம் தனி, பணம் தனி

இங்கே அனுமதி கிடைத்ததும் கொண்டாடிவிடாதீர்கள். அனுமதியும் நிதியும் இரண்டு தனி முடிவுகள். கேம்பிரிட்ஜில் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் அறிதிறன் மற்றும் மூளை அறிவியல் பிரிவு இந்தத் துறையின் மிகச் சிறந்த இடங்களில் ஒன்று. அங்கே இடம் கிடைத்தும் பணம் கிடைக்காமல் கடிதத்தை மடித்து வைத்தவர்கள் உண்டு.

பணத்துக்கு மூன்று வாசல். கேம்பிரிட்ஜில் கேட்ஸ் உதவித்தொகை, ஆக்ஸ்ஃபோர்டில் கிளாரண்டன் போன்ற பல்கலைக்கழகப் போட்டிகள் ஒன்று. பிரிட்டன் அரசின் ஆய்வு மன்றங்கள் தரும் இடங்கள் இன்னொன்று. 2021 முதல் இவை வெளிநாட்டவருக்கும் திறந்திருக்கின்றன, ஆனால் ஒவ்வொரு சேர்க்கையிலும் அதிகபட்சம் 30 சதவீதம்தான். மூன்றாவது, பேராசிரியர் கையில் இருக்கும் தனித் திட்டம். இதில் உள்நாட்டு மாணவருக்கான கட்டணம் மட்டும் தரப்படுகிறதா, வெளிநாட்டுக் கட்டணம் முழுவதுமா என்று பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் மிகப் பெரியது.

கால அளவு மூன்று முதல் நான்கு ஆண்டு. பாடம் குறைவு, முதல் வாரத்திலேயே ஆய்வு தொடங்கும். விண்ணப்பத்தோடு ஆய்வுத் திட்டமும் எழுத வேண்டும். கேள்வி பெருமளவு உங்கள் கையில் இருப்பது இந்த வழியின் பெரிய பலம். மறைவான செலவில் முக்கியமானது குடியேற்ற மருத்துவக் கட்டணம். 2024 முதல் மாணவருக்கு ஆண்டுக்கு 776 பவுண்ட், முழுப் படிப்புக் காலத்துக்கும் விசா விண்ணப்பத்தின்போதே மொத்தமாகக் கட்ட வேண்டும். நான்கு ஆண்டுக்கு 3,000 பவுண்டைத் தாண்டும். இதை உதவித்தொகை ஈடுகட்டுமா என்று கேளுங்கள். பிரிட்டன் 2024-இல் பெரும்பாலான மாணவர்கள் குடும்பத்தை அழைத்து வருவதை நிறுத்தியபோதும் ஆய்வுப் பட்ட மாணவர்களுக்கு அந்த உரிமை தொடர்கிறது.

தன் திட்டத்தை இரண்டு பக்கத்தில் திடமாக எழுத முடிந்தவருக்கும், மதிப்பெண்ணில் முன்வரிசையில் நிற்பவருக்கும் இது ஏற்றது. இந்த ஒரு வழியை மட்டும் நம்பி ஓர் ஆண்டைக் கழிக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

## ஒரே பார்வையில்

| | அமெரிக்கா | ஐரோப்பியப் பணி | பிரிட்டன் |
|---|---|---|---|
| கால அளவு | 5–6 ஆண்டு | 3–4 ஆண்டு | 3–4 ஆண்டு |
| முதுநிலை தேவையா | பெரும்பாலும் இல்லை | பெரும்பாலும் ஆம் | இருந்தால் நல்லது |
| பணம் யார் கையில் | துறை, நெறியாளர் மானியம் | ஒப்பந்தம் தரும் நிறுவனம் | தனிப் போட்டி |
| கேள்வி யார் கையில் | மெல்ல உங்களிடம் வரும் | திட்டத்தில் எழுதியாகிவிட்டது | பெரும்பாலும் உங்களிடம் |
| விண்ணப்பக் காலம் | டிசம்பரை ஒட்டி | ஆண்டு முழுவதும் | நிதிக்கு டிசம்பர், ஜனவரி |
| முன்செலவு | விண்ணப்பக் கட்டணங்கள் | மிகக் குறைவு | விசா, மருத்துவக் கட்டணம் |
| துணைவர் வேலை | எஃப்-2 விசாவில் முடியாது | ஜெர்மனி, நெதர்லாந்தில் முடியும் | முடியும் |

சொந்தமாக வென்ற உதவித்தொகையோடு போவது நான்காவது வழி. ஜெர்மனியின் டாட் (DAAD), ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் (MEXT) போன்ற உதவித்தொகைகள் இதில் வரும். பணம் உங்கள் கையில் இருப்பதால் நெறியாளர்கள் எளிதில் சம்மதிப்பார்கள். ஆனால் ஊழியருக்குரிய சலுகைகள் கிடைக்காமல் போகலாம், அதே மேசையில் அதே வேலை செய்யும் சக மாணவரைவிடக் கையில் வருவதும் குறைவாக இருக்கலாம்.

## இரண்டு வழியில் சேர்த்து விண்ணப்பிக்கிறவர்களுக்கு

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: டிசம்பரில் அமெரிக்காவுக்கு ஐந்தாறு விண்ணப்பம், அதோடு விதிவிலக்காகச் சொன்ன ஐரோப்பியப் பள்ளிகளில் இரண்டு, ஜனவரி முதல் ஐரோப்பிய வேலை அறிவிப்புகள். பரிந்துரைக் கடிதம் எழுதும் மூவரிடம் அக்டோபரிலேயே முழுப் பட்டியலையும் தேதிகளையும் கொடுத்துவிடுங்கள். ஐரோப்பிய இடங்கள் சில கடிதம் கேட்காமல் பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு நேராகத் தொலைபேசியில் அழைத்துப் பேசும். அதையும் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இப்படிச் செய்யும்போது தேதிகள் மோதும். அமெரிக்காவில் பட்டதாரிப் பள்ளிகள் மன்றத்தின் தீர்மானத்தில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள், நிதியுதவியோடு தந்த அழைப்புக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல அவகாசம் தர வேண்டும். ஐரோப்பியப் பணிக்கு அப்படிப் பொது நாள் எதுவும் கிடையாது. பிப்ரவரியில் அழைத்து ஒரு வாரத்தில் முடிவு சொல்லுங்கள் என்பார்கள். அந்த வாரம் கூடுதல் அவகாசம் கேட்டு எழுதுங்கள், வேறு இடங்களின் முடிவுக்காகக் காத்திருப்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அமெரிக்கத் துறைகளுக்கும் "எனக்கு ஓர் அழைப்பு வந்திருக்கிறது, என் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பல துறைகள் பதில் தரும். அதே வாரத்தில், அழைப்பு தந்த ஐரோப்பிய ஆய்வகத்தில் இப்போது மூன்றாம் ஆண்டிலோ நான்காம் ஆண்டிலோ இருக்கும் ஒரு மாணவரிடம் அரை மணி நேரம் பேசிவிடுங்கள். கடைசியாக முடித்துப் போன இருவர் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், கடைசி ஆண்டுப் பணம் எங்கிருந்து வந்தது, இடையில் விட்டுப் போனவர் யாராவது உண்டா என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் அவர் தயங்காமல் பதில் சொன்னால், பிப்ரவரியிலேயே கையெழுத்துப் போட்டு ஏப்ரலை விட்டுக்கொடுக்கலாம்.